இல்லத்தரசிக்குக் கஜானா எங்கே?

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வின் முதல் மூன்று கேள்விகள் சினானிம் கேள்விகள். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லைச் சாய்வெழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே நான்கு சொற்கள். ஒத்த பொருள் தருவதை எடுத்து எழுத வேண்டும், ஒன்றுக்கு ஒரு மதிப்பெண். பண்ருட்டியில் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. மற்ற பாடங்களில் தடுமாறும் பிள்ளைகூட இந்த மூன்று மதிப்பெண்ணை விட்டுவிடக் கூடாது என்று வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துகிறேன்.

கத்துவதோடு ஒரு பிரசங்கமும் செய்வேன். எந்த இரண்டு சொல்லும் ஒன்றல்ல. 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, 'ஸ்கின்னி' என்றால் இளக்காரம், எடை என்னவோ ஒன்றுதான். பையன் அதிகாரம் செய்தால் 'லீடர்', பெண் செய்தால் 'பாஸி'. பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த வித்தியாசத்துக்குப் பெயர் 'நுவான்ஸ்', நுட்பம், என்று பலகையில் எழுதிவிட்டுப் பெருமையோடு சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொள்வேன்.

நான் சொல்லிக்கொடுத்தது அரைப் பொய் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் என் மாணவி ஒருத்தியின் அம்மா. அவர் ஆங்கிலம் படித்தவர் அல்ல, முந்திரிக்கொட்டை உடைப்பவர்.

எங்கள் ஊரைப் பலாப்பழத்தை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் பஸ்ஸில் காடாம்புலியூர்ப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பலாவுக்குச் சமமாக முந்திரி. தோப்பு, கடை, கிடங்கு, காயப்போட்ட கொட்டை. இந்த வேலையில் ஒரு பங்கு ஆலைக் கூரைக்குக் கீழே நடக்கிறது, இன்னொரு பங்கு வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. மூட்டை வீட்டுக்கு வரும். உடைத்து, பருப்பை எடுத்து, எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. அது பட்டால் தோல் கறுத்துப் பொத்துப்போகும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். என் வகுப்பில் பதில் சொல்லக் கை தூக்கும் பிள்ளைகளில் சிலரின் விரல் நுனியைப் பார்த்தே அந்த வீட்டுக்கு மூட்டை வந்திருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன்.

ஒரு ஜூன் மாதம், பள்ளியில் விண்ணப்பப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தோம். 'தாயின் தொழில்' என்ற கட்டத்துக்கு எதிரே வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குள் இருந்த பெண்ணியவாதி விழித்துக்கொண்டாள். அப்படி எழுதக் கூடாது, நம் அம்மாக்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் அல்ல, வீட்டை உருவாக்குகிறவர்கள், 'ஹோம்மேக்கர்' என்று எழுதுங்கள் என்றேன். நாற்பது பாரத்தில் அடித்துத் திருத்த வைத்தேன். அன்று மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஏதோ சாதித்துவிட்ட நிறைவு.

அடுத்த வருஷம் அந்த நாற்பது அம்மாக்களில் ஒருவர் பள்ளிக்கு வந்தார். வலது கை மணிக்கட்டுவரை துணி சுற்றியிருந்தது. எண்ணெய் பட்ட புண் சீழ் வைத்து, மூன்று வாரம் உட்கார முடியவில்லை. அந்த மூன்று வாரத்தில் மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விட்டது. தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும் என்று யாரோ சொல்ல, பதியப் போயிருக்கிறார். என்ன தொழில், யாரிடம் வேலை, அவரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார்கள். வியாபாரியிடம் போயிருக்கிறார். அவர் சொன்ன பதிலை அந்த அம்மா எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்:

"நான் ஒங்களுக்கு எங்க வேல குடுத்தேன்? மூட்டைய ஒங்க வூட்டுக்காரர் கையிலதான குடுத்தேன். நீங்க அவருக்கு ஒத்தாச பண்றீங்க, அவ்ளோதான்."

தான் தொழிலாளி என்று காட்ட ஏதாவது தாள் இருக்குமா என்று வீட்டில் தேடியிருக்கிறார். வங்கிப் பாஸ்புத்தகத்துக்குக் கொடுத்த பாரத்தின் நகல் இருந்தது. அதில் 'ஹவுஸ்வைஃப்'. மகளிர் குழுக் கடன் பாரத்தில் 'இல்லத்தரசி'. மகளின் பள்ளிப் பாரத்தில், அடித்துத் திருத்தி, மகளின் அழகான கையெழுத்தில், 'ஹோம்மேக்கர்'.

"இது என்னா டீச்சர், நல்ல வார்த்தையா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மூன்று சொல்லும் ஒன்றுக்கொன்று சினானிம். மூன்றிலும் அந்தக் கை இல்லை.

'இல்லத்தரசி'யை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்த மொழியிலும் இவ்வளவு பெரிய கிரீடத்தை இவ்வளவு சல்லிசாக யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அரசி என்றால் கஜானா வேண்டும், ஆணை வேண்டும், ஒரு கையெழுத்தாவது செல்லுபடியாக வேண்டும். இந்த அரசி மகளுக்குக் காது குத்துவதற்கு மாமியாரிடம் அனுமதி கேட்கிறாள். 'இல்லத்தரசன்' என்று ஒரு ஆணைச் சொல்லிப் பாருங்கள், மேடை நாடகத்தில் சிரிப்பு வாங்கலாம், பாரத்தில் எழுத முடியாது. 'இல்லாள்' என்றால் மனைவி, 'இல்லான்' என்றால் ஏதுமற்றவன். வீடு அவளுக்கு அடையாளம், அவனுக்கோ அந்தச் சொல் இல்லாமையின் பெயர். இதைத் தமிழின் அழகு என்று பட்டிமன்றத்தில் பேசிக் கைதட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை தட்டாதீர்கள்.

ஆங்கிலம் மட்டும் யோக்கியமா? 'ஹவுஸ்வைஃப்' என்ற சொல் இடைக்கால ஆங்கிலத்தில் வீட்டின் பொறுப்பாளியைக் குறித்தது. அது பேச்சில் தேய்ந்து தேய்ந்து 'ஹஸ்ஸி' ஆயிற்று. இன்று 'ஹஸ்ஸி' என்றால் நடத்தை சரியில்லாதவள், அடக்கமில்லாதவள். அதே 'வீடு' என்ற வேரிலிருந்து வந்த 'ஹஸ்பண்ட்' மட்டும் ஒரு கீறலும் படாமல் வீட்டுத்தலைவனாகவே நிற்கிறது. போதாக்குறைக்கு 'ஹஸ்பண்ட்ரி' என்று விவசாயத்துக்கும் கால்நடை வளர்ப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறது. 'ஸ்பின்ஸ்டர்' என்றால் நூல் நூற்கிறவள். ஒரு தொழிலின் பெயர். நூற்றுச் சம்பாதித்தவர்களில் திருமணமாகாத பெண்கள் மிகுதி. தொழில் போய், 'கல்யாணம் ஆகாதவள்' என்பது மட்டும் தங்கியது. பிறகு அது ஏளனமாயிற்று. இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டிலிருந்து அந்தச் சொல்லை எடுக்க 2005 ஆனது. 'பேச்சலர்' அப்படி அல்ல. பேச்சலருக்கு வாடகைக்கு வீடுதான் கிடைக்காது, மரியாதை கிடைக்கும்.

ஆகவே மாணவிகளே, நுட்பம் என்று நான் பலகையில் எழுதியது நுட்பம் அல்ல. உழைப்பைக் குறிக்கும் பெண்பாற் சொல்லில் இருந்து உழைப்பை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஓட்டை நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஒத்தாசைக்கு வருகிறேன். ஒத்தாசை, உதவி, வேலை, தொழில், உழைப்பு. தேர்வில் வந்தால் இவற்றை ஒரே கட்டத்துக்குள் போடலாம். வீட்டில் போட முடியாது. ஒரே மூட்டை. அவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து திண்ணையில் இறக்கினால் அது வியாபாரம். அவள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சோறு வடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இருட்டும்வரை அதை உடைத்தால் அது ஒத்தாசை. மகள் பள்ளி விட்டு வந்து உடைத்தால் அதற்குப் பெயரே இல்லை, 'சும்மா இருக்கிற நேரத்துல'. சனிக்கிழமை எடை போட்டுக் காசு வாங்கும்போது மட்டும் மூன்று பேரின் உழைப்பும் ஒரே பெயரில், ஒரே சட்டைப்பையில்.

இதை நம் ஊர்க் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019ஆம் ஆண்டு ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். ஆண்களில் அந்த வேலையைத் தொடுகிறவர்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். பெண்களில் எண்பத்தோரு பேர். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. எட்டு மணி நேர வேலைநாளுக்காக உலகம் முழுக்கப் போராடி மே தினம் வாங்கினார்கள் என்று மேடையில் முழங்குகிற தோழர்களே, இந்த ஐந்து மணி நேரம் எந்த மே தினத்தில் சேரும்?

கணக்கெடுப்பு என்றதும் இன்னொன்று. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்களை 'வேலை செய்யாதோர்' பட்டியலில் போட்டது. அந்தப் பட்டியலில் கூட இருந்தவர்கள் பிச்சையெடுப்போர், பாலியல் தொழிலாளர், சிறைக்கைதிகள். 2010இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை எடுத்துச் சொல்லிக் கண்டித்தது. (கூட இருந்தவர்களை இழிவாக நினைத்து நான் இதைச் சொல்லவில்லை. பாலியல் தொழிலை வேலை இல்லை என்று எழுதியவரும் அதே கணக்குப்பிள்ளைதான்.) அந்த வழக்கு சாலை விபத்தில் இறந்த ஒரு பெண்ணைப் பற்றியது. அவள் உயிருக்கு எவ்வளவு? மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அப்போது ஒரு வழி இருந்தது: சம்பாதிக்காத மனைவி இறந்தால், கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் வருமானமாக வைத்துக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள். அதிகாரியின் வீட்டில் வடித்த சோறும் கூலிக்காரர் வீட்டில் வடித்த சோறும் ஒரே சோறு. விலை மட்டும் கணவனைப் பார்த்து. செத்த பிறகும் அவள் மூன்றில் ஒரு பங்கு.

சொல்லில் என்ன இருக்கிறது, கூலியைக் கேள் என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல்லைக் காட்டுகிறேன்: மதிப்பூதியம்.

ஊதியம், சம்பளம், கூலி, தொகுப்பூதியம், மதிப்பூதியம், ஊக்கத்தொகை, சிறப்புக் காலமுறை ஊதியம். தமிழ்நாட்டு அரசாணைகளைப் புரட்டினால் அகராதிக்காரர் பொறாமைப்படும் அளவுக்குச் சினானிம். இவற்றில் எந்தச் சொல் யாருக்கு என்று பாருங்கள். 'ஊதியம்' நிரந்தர ஊழியருக்கு. ஆஷா பணியாளருக்கு 'ஊக்கத்தொகை', ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பிள்ளைக்குக் கொடுப்பதுபோல. அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒன்றிய அரசு வைத்த பெயர் 'ஹானரேரியம்', மதிப்பூதியம். மதிப்பு இருக்கிறது, ஊதியம்தான் தேய்ந்திருக்கிறது.

அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. பிள்ளைக்குச் சத்துமாவு, கர்ப்பிணிக்கு எடை, தடுப்பூசி நாள், முன்பருவக் கல்வி, கூடவே தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. இவ்வளவு செய்கிற பெண் 'தன்னார்வலர்', அவள் வாங்குவது 'மதிப்பூதியம்'. மதிப்பூதியம் என்பது கூலி அல்ல, ஆகவே பணி ஓய்வில் பணிக்கொடை கிடையாது என்பதுதான் அரசுகளின் வாதம். குஜராத்தைச் சேர்ந்த அங்கன்வாடிப் பெண்கள் வழக்காடினார்கள். 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் எஸ். ஓகாவும் தீர்ப்புச் சொன்னார்கள்: பெயர் மதிப்பூதியமாக இருந்தாலும், 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் சொல்லும் கூலிக்குள் அது அடங்கும், இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு.

ஒரு சினானிம் கேள்விக்கு விடை கிடைக்க நாற்பத்தேழு வருஷம். இடையில் அந்தச் சொல்லோடு வேலைக்குச் சேர்ந்து அந்தச் சொல்லோடு ஓய்வு பெற்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போன பெண்கள் எத்தனை பேர். சொல்லில் என்ன இருக்கிறது என்று அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள் தோழரே. சொல்லுக்குள்தான் கூலி இருந்தது. பூட்டு வேறொருவர் கையில் இருந்தது.

இப்போது எதிர்த்தரப்புக்கும் ஒரு வார்த்தை. எதிர்த்தரப்பு என்றால் நாற்பது பாரத்தை அடித்துத் திருத்திய நான்தான். என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சொல்லை மாற்றினால் பாதிக் காரியம் ஆகிவிட்டது என்று நம்புகிறோம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு கையேடு வெளியிட்டது. பெண்களைப் பற்றி நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் எழுதும்போது எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும், பதிலுக்கு எதை எழுத வேண்டும் என்று ஒரு பட்டியல். அதில் 'ஹவுஸ்வைஃப்' வேண்டாம், 'ஹோம்மேக்கர்' எழுதுங்கள் என்று இருக்கிறது. 'ஈவ் டீசிங்' வேண்டாம், 'தெருவில் நடக்கும் பாலியல் தொந்தரவு' என்று எழுதுங்கள் என்றும் இருக்கிறது. முதலில் பார்த்தபோது இரண்டும் ஒரே மாதிரி நல்ல திருத்தம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

'ஈவ் டீசிங்' என்ற சொல்லைப் பாருங்கள். ஏவாள் என்று தொடங்கும்போதே மயக்கியவள் அவள்தான் என்று கதை சொல்லியாகிவிட்டது. பிறகு 'டீசிங்', கேலி, விளையாட்டு. விளையாட்டில் குற்றவாளி ஏது? 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி அந்த 'விளையாட்டில்' உயிரையே விட்டாள். அதன் பிறகு தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே முதலில் 'ஈவ் டீசிங்' என்றுதான் இருந்தது! பின்னால்தான் 'ஹராஸ்மென்ட்', துன்புறுத்தல், என்று பெயரைத் திருத்தினார்கள். துன்புறுத்தல் என்றால் துன்புறுத்தியவன் ஒருவன் இருந்தாக வேண்டும். அவனைத் தேட வேண்டும், கூண்டில் நிறுத்த வேண்டும். நம் நாளிதழ்கள் இன்றும் 'பாலியல் சீண்டல்' என்று எழுதுகின்றன. பூனைக்குட்டியையும் சீண்டலாம், தம்பியையும் சீண்டலாம். அந்தச் சொல்லை எழுதும் உதவி ஆசிரியர் ஒரு நாள் பண்ருட்டி பஸ் நிலையத்தில் மாலை ஐந்து மணிக்கு என் மாணவிகளோடு நின்று பார்க்கட்டும்.

ஆக, இது நல்ல மாற்றம். புதிய சொல் வந்ததும் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன் கண்ணுக்குத் தெரிகிறான்.

'ஹவுஸ்வைஃப்' போய் 'ஹோம்மேக்கர்' வந்தபோது புதிதாக யார் பதில் சொல்ல வேண்டியவர் ஆனார்? ஒருவரும் இல்லை. வியாபாரி இல்லை, கணவர் இல்லை, அரசு இல்லை. அவளுக்கு ஒரு பாராட்டு கிடைத்தது, மூட்டை அப்படியே இருந்தது. சினானிம்களைத் தராசில் நிறுத்த எனக்கு இப்போது இந்த ஒரு எடைக்கல்தான். புதுச் சொல்லால் யாருக்காவது கடன் ஏறுகிறதா? ஏறவில்லை என்றால் அது வெள்ளையடிப்பு.

சொல்லே குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. அதே 2023ஆம் ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு சொத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னார். கணவர் சவூதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். என் பணத்தில் வாங்கிய சொத்து, எனக்கே சொந்தம் என்று கணவர் வழக்குப் போட்டார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் அங்கே சம்பாதிக்க முடிந்தது, அவருடைய வீட்டு உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான், ஆகவே பாதி அவருக்கு என்றார் நீதிபதி. இப்படிப்பட்ட பங்களிப்பை நேரடியாக அங்கீகரிக்கும் சட்டம் எதுவும் இல்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றார். அந்தத் தீர்ப்பிலும் 'ஹோம்மேக்கர்' என்ற சொல் வருகிறது. ஆனால் வழக்கை நிமிர்த்திய சொல் அது இல்லை, 'பங்களிப்பு'. காலங்காலமாக நாம் கேட்டுப் புளித்த 'சேவை', 'தியாகம்', 'அர்ப்பணிப்பு' ஆகியவற்றுக்கும் அதற்கும் அகராதியில் பெரிய தூரம் இல்லை. தியாகத்துக்குச் சிலை வைப்பார்கள். பங்களிப்புக்குப் பங்கு பிரித்தாக வேண்டும்.

அரசின் ஆயிரம் ரூபாயையும் இதே எடைக்கல்லில் வைக்கிறேன். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 'மகளிர் உதவித்தொகை' என்று பெயர் வைக்கவில்லை, 'உரிமைத் தொகை' என்று வைத்தார்கள். ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களோடு தொடங்கியது. பெண்ணின் கணக்கில் வராத உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னது. பெயரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். உதவி என்றால் கொடுப்பவர் வள்ளல், உரிமை என்றால் கொடுப்பவர் கடனாளி. இந்த எடைக்கல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் பாரத்தைப் பாருங்கள்: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நிலம் இவ்வளவுக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள். கணவனின் வருமானம் ஒரு கோட்டைத் தாண்டினால் அவள் வடித்த சோறு கணக்கில் வராமல் போய்விடுமா? பெயர்ப்பலகையில் உரிமை, உள்ளே போனால் உதவிக்கான விதிமுறை. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'ஆயிரம் ரூபா'. 'ஆயிரம் ரூபா வந்துடுச்சா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். 'என் உரிமை வந்துடுச்சா?' என்று எங்களையே கேட்டுப் பழகியிருந்தால், வராத மாதம் கெஞ்சிக்கொண்டு நிற்க மாட்டோம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பெண்களே சில சமயம் மெத்தென்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதிலும் புத்தி இருக்கிறது. நம் அங்கன்வாடித் திட்டம் பிறந்த அதே 1975 அக்டோபரில், 24ஆம் தேதி, ஐஸ்லாந்தில் பெண்கள் ஒரு நாள் முழுக்க எல்லா வேலையையும் நிறுத்தினார்கள். அலுவலகம், மீன் பதப்படுத்தும் ஆலை, அடுப்பு, பிள்ளை, எல்லாம். நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் கலந்துகொண்டார்கள். முதலில் முன்வைக்கப்பட்ட சொல் 'வேலைநிறுத்தம்'. அந்தச் சொல்லுக்குப் பயந்து பல பெண்கள் விலகிப் போவார்கள் என்று 'பெண்கள் விடுப்பு நாள்' என்று மாற்றினார்கள். விடுப்பு என்றதும் எல்லாரும் வந்தார்கள், ஊர் நின்றது. நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, 2023இல் அதே தேதியில் மறுபடி நிறுத்தியபோது, தயங்காமல் 'வேலைநிறுத்தம்' என்றே அழைத்தார்கள். மெத்தென்ற சொல்லைப் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைவது வேறு, அதையே கூலியாக வாங்கிக்கொண்டு திரும்புவது வேறு. போர்த்திக்கொள்வது யார் என்பதுதான் கேள்வி. அங்கன்வாடிப் பெண்கள் 'மதிப்பூதியம்' என்ற சொல்லைத் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்த அம்மாவின் பாரத்துக்கு வருகிறேன். இந்த ஜூனில் அவருடைய இளைய மகள் என் வகுப்புக்கு வந்திருக்கிறாள். மறுபடியும் அதே கட்டம், 'தாயின் தொழில்'. வகுப்பில் நான் எதையும் திருத்தச் சொல்லவில்லை. பலகையில் ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: 'நேற்று உன் அம்மா காலையிலிருந்து இரவுவரை என்னென்ன செய்தார்?' எழுதி முடித்த பிறகு கட்டத்தை நிரப்புங்கள் என்றேன். பாதிப் பேர் கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார்கள். தையல். மாவு அரைத்து விற்பது. நெய்வேலிக் குடியிருப்பில் மூன்று வீட்டு வேலை. பலாச்சுளை எடுத்துப் பொட்டலம் கட்டுவது. இந்தச் சின்னவள், 'முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலாளி' என்று தமிழிலேயே எழுதினாள்.

மறுநாள் அம்மா வந்துவிட்டார். கை ஆறியிருந்தது, தழும்பு இருந்தது.

"டீச்சர், கூலிக்காரின்னு எழுத வேண்டாம். பெரியவளுக்கு மாப்ள பாக்கறோம். பொண்ணு வூட்ல பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லன்னு சொல்லியிருக்கோம்."

நல வாரியத்தில் பதிய இந்த மாதிரி ஒரு தாள் உதவக்கூடும், நீங்கள்தானே அன்றைக்குத் தேடினீர்கள் என்றேன். தெரியும் என்றார். கல்யாணம் முடியட்டும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அழிச்சுடாதீங்க. பென்சில்ல எழுதி வைங்க" என்றார்.

பாரம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கட்டத்துக்குள் பென்சிலால் எழுதியிருக்கிறேன். கல்யாணம் தை மாதம்.